கண்ணமங்கலத்தில் பிடிக்காத பிரேக்

வண்டியைக் கொண்டுபோய் எங்கேயாவது மோதிவிட்டுக் கீழே இறங்குகிற டிரைவர் சொல்கிற முதல் வார்த்தை என்ன? "பிரேக் பிடிக்கலைங்க." தூங்கி மோதினவனும் அதைத்தான் சொல்வான். குடித்துவிட்டு மோதினவனும் அதைத்தான் சொல்வான். பேச்சு சுவாரசியத்தில் ரோட்டைப் பார்க்க மறந்தவனும் அதையேதான் சொல்வான். இதனால் நிஜமாகவே பிரேக் பிடிக்காமல் போனவன் பாடு திண்டாட்டமாகிவிடுகிறது. அவன் பேச்சை யாரும் சட்டை செய்வதில்லை. இன்னாசிமுத்து அப்படி மாட்டிக்கொண்டவன்.

மற்றவர்களுக்காவது சந்தேகத்தின் பலன் கொஞ்சம் கிடைக்கும். இவனுக்கு அதுவும் இல்லை. இவனுக்குப் பழைய பெயர் ஒன்று இருந்தது.

களம்பூர் அரிசி மில்லில் லாரிக்குக் கிளீனராகச் சேர்ந்து, டிரைவர் அசந்த நேரமெல்லாம் ஸ்டியரிங்கைத் தொட்டுத் தொட்டே ஓட்டப் பழகியவன் இன்னாசிமுத்து. நல்ல கை. குறுகலான சந்தில் பின்பக்கமாகவே லாரியைக் கொண்டுபோய் நிறுத்துவான். ஆனால் சாயங்காலம் ஆனால் கால் தானாகச் சாராயக் கடைப் பக்கம் திரும்பும். ஒருநாள் அந்த நிலைமையிலேயே லாரியை எடுத்தான். கால்வாயில் இறக்கினான். நெல் மூட்டையெல்லாம் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்க, நம் டிரைவர் ஐயா கரையில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அந்தக் கதை போளூரிலிருந்து வேலூர் வரைக்கும் டீக்கடைக்கு டீக்கடை ஓடியது. வேலை போயிற்று, மானமும் போயிற்று.

அவன் பெண்டாட்டி பாக்கியமேரி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிற ரகம் இல்லை. மறுநாள் காலையில் அவனுக்குத் தெளிந்த பிறகு, எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்.

"இனிமே ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். கூப்புட வந்தீங்கன்னா மொறத்தால அடிப்பேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். இன்னாசிமுத்து மாதா கோயில் வாசலில் சத்தியம் செய்தான். சத்தியம் செய்தவன் எல்லாம் காப்பாற்றிவிடுகிறானா? இவன் காப்பாற்றினான். கை நடுங்கியது, ராத்திரி தூக்கம் வரவில்லை, கண்டவர்களிடம் எரிந்து விழுந்தான். ஆனாலும் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து மீண்டு வந்தான்.

அப்புறம்தான் தனகோடியிடம் வேலைக்குச் சேர்ந்தான். தனகோடிக்கு ஆரணி கொசப்பாளையத்தில் பட்டுப்புடவை வியாபாரம். முள்ளிப்பட்டில் வீட்டுக்கு வீடு இருக்கிற தறிகளுக்குப் பாவு நூலும் பட்டும் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிக் கடைகளுக்கு அனுப்புகிறவர். லேசில் யாரையும் நம்பமாட்டார். அப்படிப்பட்டவர் தன்னுடைய பழைய டீசல் வேனின் சாவியை இவன் கையில் கொடுத்தது ஊரில் பலருக்கு ஆச்சரியம். பாக்கியமேரி அவர் வீட்டுக்குப் பட்டு நூல் இழைத்துக் கொடுப்பவள். அவள் முகத்துக்காகத்தான் கொடுத்தார் என்று பேசிக்கொண்டார்கள். எதற்காகவோ கொடுத்தார். இன்னாசிமுத்து அந்த வேனைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டான். யாராவது ஓட்டை வண்டி என்று சொல்லிவிட்டால் இரண்டு நாளைக்கு அவர்களோடு பேசமாட்டான்.

வருஷம் தொண்ணூற்றெட்டு. ஆயுத பூஜைக்கு முதல் நாள் வேனைக் கழுவித் துடைத்து முதலாளி வீட்டு வாசலில் நிறுத்தினான். தனகோடி சரக்கு விஷயமாக வெளியூர் போயிருந்ததால் சாவியை அவர் மனைவி கமலத்தின் கையில் கொடுத்துவிட்டு வந்தான். பூஜைக்கு அவன் இருப்பதில்லை. பொரியும் கடலையும் மட்டும் மறுநாள் வீடு தேடி வந்துவிடும்.

பூஜை முடிந்து ஒரு வாரம் போனது. வேன் என்னவோ முக்குகிற மாதிரி இருந்தது. சமதரையில் ஆக்ஸிலேட்டரை விட்டால் முன்னெல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். இப்போது உடனே தயங்கியது. டீசல் பில்டரில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று இன்னாசிமுத்து நினைத்துக்கொண்டான். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அன்றைக்குப் புடவைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வேலூருக்குக் கிளம்பினான். கண்ணமங்கலம் பஸ் ஸ்டாப் தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூடைக்காரிகள், வேலூர் பஸ்ஸுக்கு நிற்கிற கும்பல். பிரேக்கை மிதித்தான். பெடல் தரையில் போய் உட்கார்ந்தது. சேற்றில் கால் வைத்தால் இறங்குமே, அந்த மாதிரி இறங்கியது. மறுபடி மிதித்தான். மறுபடியும் தரை. ஹாரனை அமுக்கிக்கொண்டே கியரை அடித்துக் குறைத்தான், ஹேண்ட் பிரேக்கை இழுத்தான், கும்பலை விட்டு இடது பக்கம் ஒடித்தான். அங்கே கெங்கம்மாள் என்கிறவளின் இளநீர்க் கடை. கீற்றுக் கொட்டகை மடமடவென்று வேன்மேல் சரிந்தது. இளநீர்க் காய்கள் ரோடெல்லாம் உருண்டோடின. வேன் கடைக்குப் பின்னால் இருந்த புளியமரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

கெங்கம்மாள் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் கீறல்கூட இல்லை. அவ்வளவு புண்ணியம் அவனுக்கு இருந்தது.

"பிரேக் பிடிக்கலைங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான்.

"எல்லா நாயும் இதத்தான் சொல்லுது" என்று ஒருத்தன் சட்டையைப் பிடித்தான். இன்னொருத்தன் முகத்தை உற்றுப் பார்த்தான். "யோவ், இவன் களம்பூர் மில்லு லாரி இன்னாசிதானே? கால்வாயில வுட்டானே! அப்பால இன்னா கேள்வி? ஊதுடா!"

இன்னாசிமுத்து ஊதினான். ஒருத்தன் மாற்றி ஒருத்தன் மூக்கை நீட்டினான்.

"நாத்தம் ஒண்ணும் காணோமே."

"பாக்கு கீக்கு போட்டுகினு இருப்பான். இவனுங்களுக்குத் தெரியாத வேலையா?"

அந்தக் கும்பலில் நின்று ஊதினானே, அந்த அவமானத்தைவிட மோசமான ஒன்று பிறகு நடந்தது. சேதி போய், தனகோடி மெக்கானிக் சின்னக்கண்ணுவை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அதற்குள் வெகு நேரம் ஆகிவிட்டது. சின்னக்கண்ணு ஆரணியில் பட்டறை வைத்திருப்பவன், முன்கோபி. சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தான். ஒழுகல் இல்லை. பிரேக் எண்ணெய் டப்பாவின் மூடியைக்கூடத் திறக்காமல் வெளியிலிருந்தே அளவு பார்த்தான். எண்ணெய் நிறைய இருந்தது. ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தான்.

"பிரேக் கல்லு மாதிரி கீது மொதலாளி" என்றான்.

"பொய்!" என்று கத்திக்கொண்டு இன்னாசிமுத்து ஓடிப்போய்த் தானே மிதித்தான். கல் மாதிரிதான் இருந்தது. கொஞ்ச தூரம் ஓட்டி மிதித்தான். சொன்ன இடத்தில் நின்றது.

தனகோடி கெங்கம்மாளுக்கு ஆக வேண்டியதைச் செய்தார். அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கையை மட்டும் நீட்டினார். இன்னாசிமுத்து சாவியைக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் பாக்கியமேரி நின்றிருந்தாள். கதை அவனுக்கு முன்னாலேயே பஸ்ஸில் வந்துவிட்டிருந்தது.

"ஊதுங்க" என்றாள்.

முன்பின் தெரியாத அத்தனை பேருக்கு ஊதினபோது வராத அழுகை அப்போது வந்தது. ஊதினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. விலகி வழிவிட்டாள்.

"மேரி, என்ன நம்பறியா?"

"நம்பணும்னுதான் பாக்கறேன்" என்றாள் அவள். "கை கால கழுவிகினு வாங்க. சாப்புடலாம்."

அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்து வந்த நாட்களை இன்னாசிமுத்து எப்படிக் கழித்தான் என்று கேட்காதீர்கள். பாக்கியமேரி அவனோடு சண்டை போடவில்லை, பேசாமலும் இல்லை. ஆனால் அவன் வெளியே போய்விட்டு வந்தால் அவள் ராட்டினத்தை நிறுத்திவிட்டு ஒரு நொடி அவன் முகத்தைப் பார்ப்பாள். அந்த ஒரு நொடிதான் அவனைக் கொன்றது. கொஞ்ச நாள் போனால் அவனுக்கே சந்தேகம் வந்தது. பிரேக் என்று நினைத்துக் கிளட்சை மிதித்துவிட்டோமோ? உட்கார்ந்த இடத்தில் காலை நீட்டி நீட்டி மிதித்துப் பார்த்துக்கொள்வான். இல்லை. காலுக்குத் தெரியாதா? அந்தப் பெடல் இறங்கினது நிஜம். வண்டி ஒரு வாரமாக முக்கினதும் நிஜம். ஓடிச் சூடாக இருந்தபோது வந்த ஏதோ ஒன்று, நின்று ஆறினதும் போயிருக்கிறது. திரும்பவும் வரும்.

அந்த நினைப்போடு இருந்தபோதுதான், அதுவரைக்கும் சும்மா நின்ற வேனுக்குப் புது டிரைவர் அமர்த்தியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. முள்ளிப்பட்டுத் தறிக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்று வேலூரில். ஞாயிற்றுக்கிழமை பெண்டு பிள்ளைகளை அடைத்துக்கொண்டு வேன் போகப்போகிறதாம். இன்னாசிமுத்து விழுந்தடித்துக்கொண்டு தனகோடி வீட்டுக்கு ஓடினான்.

"மொதலாளி, என்ன வேலைய விட்டு நிறுத்தினது நிறுத்தினதாவே இருக்கட்டும். ஒரு வார்த்த கேக்கமாட்டேன். ஆனா அந்த வண்டிய மட்டும் ஞாயித்துக்கெழம அனுப்பாதீங்க. உங்க காலப் புடிக்கறேன்."

தனகோடி புடவை மடிப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சின்னக்கண்ணு பாத்து நல்லாகீதுன்னு சொல்லிட்டான்பா. சும்மா பேஜார் பண்ணாத."

சரி, இனிச் சின்னக்கண்ணுதான் கதி. இன்னாசிமுத்து பட்டறைக்குப் போனான். சின்னக்கண்ணு ஒரு டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான்.

"அண்ணே, அந்தப் பிரேக் பிடிக்கல."

"பிடிக்குது."

"சூடானா பிடிக்கமாட்டேங்குது அண்ணே. நீ ஆறினப்பறம் பாத்த."

"போன தடவ ஆர்டிஓ கிட்ட எப்சி காட்டறப்ப பிரேக் லைனிங் மாத்துனது யாரு? நானு! என் வேல மேல பழி போடறியா? நீ இன்னா குடிச்சிகினு வந்தியோ!"

"அப்ப நீ என்கூட வா. அதே ரோடு, அதே வேகம். பக்கத்துல ஒக்காரு. பிடிச்சுதுன்னா நீயே இந்த ஸ்பானரால என் மண்டையில போடு."

சின்னக்கண்ணு வெளியே உருண்டு வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தான். மண்டையில் போடுகிற யோசனை அவனுக்குப் பிடித்திருக்க வேண்டும். தனகோடியிடம் போய், கல்யாணத்துக்கு முன்னால் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லிச் சாவியை வாங்கி வந்தான்.

விடிந்ததும் கிளம்பினார்கள். வேன் காலி. ரோடும் காலி. ஊரைத் தாண்டுகிற வரைக்கும் பிரேக் பொட்டுக் குறை இல்லாமல் பிடித்தது. சின்னக்கண்ணு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நக்கலாகச் சிரித்தான். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் இன்னாசிமுத்து சொன்னான்.

"பாரு அண்ணே. பெடல் மேல ஏறிகினு வருது. லேசா தொட்டாலே பிடிக்குது. முன்னால இவ்வளோ ஒசரத்துல பிடிக்காது."

"நல்லதுதானே?"

"ஆக்ஸிலேட்டர வுடறேன் பாரு." விட்டான். வேன் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி தயங்கியது.

சின்னக்கண்ணு பீடியை வாயிலிருந்து எடுத்தான். மூக்கை உறிஞ்சினான். "இன்னாடா இது, லைனிங் தீயற வாட?"

"அன்னிக்கும் இதேதான். ஏதோ லாரியோட வாடன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு சின்னக்கண்ணு சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். கண்ணமங்கலத்துக்கு முன்னால், இரண்டு பக்கமும் வயலாக இருக்கிற இடத்தில், இன்னாசிமுத்து மிதித்தான். பெடல் மெத்து மெத்தென்று இருந்தது. இன்னொரு தரம் மிதித்தான். நேராகத் தரைக்குப் போயிற்று.

"இறங்கிடுச்சு!"

"ஐயோ, நிறுத்துடா!"

"பிரேக்கே இல்லன்னு சொல்றேன், எங்க நிறுத்தறது!"

கியரைக் குறைத்து, ஓரத்து மணலில் இறக்கி, வேனை மெல்ல ஓயவிட்டான். நின்றது. சின்னக்கண்ணு டாஷ்போர்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊரிலுள்ள எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இன்னாசிமுத்து கதவைத் திறந்து குதித்து நடு ரோட்டில் ஆடினான்.

"பிடிக்கல! பாத்தியா அண்ணே, பிடிக்கல! நான் சொன்னேன் இல்ல, பிடிக்கல!"

சைக்கிளில் போன பால்காரர் ஒருவர் நின்று பார்த்தார். பிரேக் போனதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட டிரைவரை அந்த ரோடு அதற்கு முன்னால் பார்த்திருக்காது. ஆடி முடித்து அவன் ஓரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். சின்னக்கண்ணு வந்து தோளில் கை வைத்தான்.

"மன்னிச்சுக்கடா" என்றான். முன்கோபிக்கு அந்த வார்த்தை வாயில் வருவது பெரிய விஷயம். உடனே எழுந்துவிட்டான். "வா, ஜல்தியா பாத்துடலாம். ஆறிட்டா மறுபடி ஒளிஞ்சிக்கும்."

பாட்டிலில் இருந்த தண்ணீரை முன்சக்கரத்து டிரம்மில் தெளித்தான். சுரீரென்று ஆவி பறந்தது. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினான். சுற்றவில்லை. பெடலில் யாரும் கால் வைக்கவில்லை, ஆனாலும் பிரேக் பிடித்தபடியே இருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் குழாயில் காற்று எடுக்கிற நிப்பிளை ஸ்பானரால் லேசாகத் திருகினான். எண்ணெய் நுரைத்துக்கொண்டு பீய்ச்சி அடித்தது. சக்கரம் விடுபட்டுச் சுற்றியது.

"ஆங்! இப்ப புரியுது" என்றான் சின்னக்கண்ணு. "கால எடுத்தப்பறம் எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பிப் போகணும். போகல. உள்ளயே மாட்டிகினு சக்கரத்த அழுத்திகினே கீது. அழுத்தி அழுத்தி சூடு ஏறுது. சூட்டுல எண்ணெய் கொதிச்சு ஆவியாயிடுது. ஆவிய மிதிச்சா அது நசுங்கும், சக்கரத்தப் பிடிக்காது. ஆறிட்டா ஆவி மறுபடி எண்ணெய் ஆயிடும், பிரேக் கல்லு மாதிரி ஆயிடும். நான் வந்து மிதிச்சப்ப அதான் ஆயிருந்துச்சு."

"அது ஏண்ணே திரும்பிப் போகல?"

"அத பட்டறையில பிரிச்சாதான் தெரியும்."

நன்றாக ஆறவிட்டு, நாலு சக்கரத்திலும் அழுத்தத்தைத் திறந்துவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து ஆரணிக்குத் திரும்பினார்கள். பட்டறையில் சின்னக்கண்ணு எண்ணெய் டப்பாவின் மூடியைத் திறந்தான். மூடிக்கு அடியில் இருக்கிற ரப்பர் வட்டம் உப்பிப்போய், நெளிந்து, திரும்ப உட்காரவே மாட்டேன் என்றது. டப்பாவுக்குக் கீழே இருக்கிற மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி உள்ளே இருந்த ரப்பர் கப்பை எடுத்தான். இட்லி மாதிரி உப்பியிருந்தது. எண்ணெய் திரும்பிப் போகிற பொடி ஓட்டையை அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது.

சின்னக்கண்ணு டப்பாவில் இருந்த எண்ணெயைக் கண்ணாடித் தம்ளரில் கொஞ்சம் ஊற்றித் தண்ணீர் விட்டான். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரோடு கலந்துபோகும். இதில் பாதி கலந்தது, பாதி மேலே திட்டாக மிதந்தது. விரலில் தொட்டு இரண்டு பேரும் மோந்து பார்த்தார்கள். ஆரணியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்த வாசனை எப்படித் தெரியாமல் போகும்? எந்தத் தெருவில் போனாலும் அடிக்கிற வாசனைதான்.

"தறி எண்ணெய்டா இது!" என்றான் சின்னக்கண்ணு. "பிரேக் ரப்பருக்கு இது எமன். ஒரு வாரத்துல ஊதிப்போயிடும். யாருடா இத ஊத்துனது?"

கேட்டுவிட்டு அவனே வாயை மூடிக்கொண்டான். டப்பாவைத் தொடுகிறவன் வேறு யார், டிரைவர்தானே? இன்னாசிமுத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு குழியிலிருந்து ஏறி வந்து இன்னொன்றின் விளிம்பில் நிற்கிறோம் என்று.

அவன் பயந்தபடியே நடந்தது. உப்பின ரப்பரையும் தம்ளரையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் தனகோடி வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் புடவைகள் பரப்பிக் கிடந்தன. பாக்கியமேரி இழைத்த நூலை ஒப்படைக்க வந்து, கூடையோடு ஒரு ஓரத்தில் நின்றிருந்தாள். கமலம் அதை வாங்கி எடை போட்டுக்கொண்டிருந்தாள். சின்னக்கண்ணு நடந்ததையெல்லாம் சொன்னான். பிரேக் இறங்கினதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்றான். தனகோடி ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, பிரேக் போனது நெசம். ஆனா எண்ணெய் தானா போய் விழுமா? இன்னா எண்ணெய்னு தெரியாம கையில கெடச்சத எடுத்து ஊத்தியிருக்கான். தெளிவா இருக்கறவன் செய்ற வேலையா இது?"

இன்னாசிமுத்து கையெடுத்துக் கும்பிட்டான். "நான் ஊத்தல மொதலாளி." வேறு என்ன சொல்வது? இன்னொரு தடவை ஊதிக் காட்டவா முடியும்?

அப்போது பாக்கியமேரி கூடையைக் கீழே வைத்தாள். அந்த வீட்டில் அவள் அதுவரைக்கும் எடை, நூல், வர்றேங்க என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசினதில்லை.

"அவரு ஊத்தல மொதலாளி. குடிக்கவும் இல்ல."

"ஒனக்கு எப்பிடிமா தெரியும்?"

"அன்னிக்கு வாசல்லயே நிக்கவெச்சு வாய மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல. இருந்தும் இத்தன நாளா சந்தேகமாவே பாத்துகினு இருந்தேன். வேல போயும் அந்த வண்டியில ஏறப்போற ஜனங்களுக்காக இங்க வந்து உங்க கால்ல விழுந்தாரே, குடிகாரன் அப்பிடிச் செய்வானா? யாரு ஊத்தினாங்கன்னு எனக்குத் தெரியாது. எங்க வூட்டுக்காரர் ஊத்தல. அவ்ளோதான்."

இன்னாசிமுத்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஊர் முழுக்கக் கூடி நின்று அவனைக் குற்றவாளி என்று சொல்லியிருந்தாலும் அந்த நிமிஷம் அவனுக்கு உறைத்திருக்காது.

தராசுத் தட்டு டங்கென்று விழுந்தது. கமலம் அதைக் கையிலிருந்து விட்டிருந்தாள்.

"ஊத்தினது நான்" என்றாள்.

தனகோடி திரும்பினார். "இன்னாது?"

"ஆயுத பூஜ அன்னிக்கு. சாமி முன்னாடி நிக்கற எல்லா மிஷினுக்கும் புது எண்ணெய் வுடறது இந்த வூட்டுப் பழக்கந்தானே? தறிக்கு வுட்டேன், நூல் முறுக்கற மிஷினுக்கு வுட்டேன், தையல் மிஷினுக்கு, கெணத்து மோட்டாருக்கு வுட்டேன். வேன் மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு? சாவி என் கையில இருந்துச்சு. கதவத் தொறந்து பொட்டு வெச்சேன். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு டப்பா. தொறந்தா உள்ள எண்ணெய். கொஞ்சம் கொறஞ்சு இருந்துச்சு. சரி, இதுக்கும் பசிக்குமேன்னு கழுத்து வரைக்கும் ரொப்பி வுட்டேன்."

யாரும் பார்க்காதபோது செய்த காரியம். அவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எந்த ஜென்மத்திலும் யாருக்கும் தெரிந்திருக்காது. அதை நினைத்துத்தான் நான் அந்த அம்மாளுக்கு மனசாரக் கும்பிடு போடுகிறேன். தப்பு செய்யாதவர்கள் இருக்கலாம். கட்டின புருஷன் எதிரிலும் வேலைக்காரர்கள் எதிரிலும் நான்தான் என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

"சாமி காரியம்னு செஞ்சேன்" என்று கமலம் அழ ஆரம்பித்தாள். "புள்ளைங்க மேல ஏறியிருந்தா நான் எந்தக் கோயில்ல போய் அழுவேன்? இந்த மனுஷன் ஊரெல்லாம் ஊதிக் காட்டியிருக்கான், என்னால!"

தனகோடி ரப்பரைக் கீழே வைத்தார். பிறகு இன்னாசிமுத்துவின் எதிரில் வந்து நின்றார். "தப்பு எம்மேலதான்பா. ஒன் பேச்ச நான் கேட்டிருக்கணும்" என்றார். சாவியை எடுத்து நீட்டினார்.

இன்னாசிமுத்து வாங்கிக்கொள்ளவில்லை. "சாவி அப்பறம் மொதலாளி. கண்ணமங்கலத்துல என்ன எல்லாரும் குடிகாரன்னுதான் நெனச்சிகினு கீறாங்க. நான் போய் சொன்னா நம்பமாட்டாங்க."

"நீ ஏன் சொல்லணும்?" என்றாள் கமலம், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நான் வரேன். நான் சொல்றேன்."

"நீயா? பஸ் ஸ்டாப்ல நின்னா?" என்றார் தனகோடி.

"எண்ணெய் வுடறப்ப ஒங்களக் கேட்டா வுட்டேன்?"

கல்யாணத்துக்கு வேறு வண்டி ஏற்பாடாயிற்று. சின்னக்கண்ணு வேனில் இருந்த பிரேக் ரப்பரை ஒன்று விடாமல் கடாசினான். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கடைசிச் சக்கரம் வரைக்கும் எல்லாம் புதுசு. குழாயைக் கழுவிக் கழுவி, பழைய எண்ணெய் வாசனை சுத்தமாகப் போன பிறகுதான் புது ஆயில் ஊற்றினான். மெனக்கெட்டு ஒரு வெயில் நேரத்தில் போக வர ஓட்டிப் பார்த்து, இறங்கிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். சூடு இல்லை. பெடலும் இருந்த இடத்தில் இருந்தது. கூலி பேச வந்த தனகோடியைப் பார்த்து, "அன்னிக்கு மூடியத் தொறக்காமலே நல்லாகீதுன்னு சொன்னேனே, அதுக்கு இது அபராதம்" என்று முறைத்துவிட்டுப் போனான்.

கண்ணமங்கலத்துக்குக் கமலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். துணைக்குப் பாக்கியமேரியையும் இழுத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப்பில் வேன் வந்து சொன்ன இடத்தில் நின்றதும் டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து ஒதுங்கினார்கள். கெங்கம்மாள் தன் புதுக் கொட்டகைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு வந்து நின்றாள்.

கமலம் இறங்கினாள். குரல் கணீரென்று வந்தது. எண்ணெய் ஊற்றின கதையை ஒன்று விடாமல் சொன்னாள். "இவரு மேல ஒரு குத்தமும் கெடையாது. ஜனங்க மேல ஏத்தக் கூடாதுன்னுதான் இந்தப் பக்கம் ஒடிச்சாரு. திட்டறதுன்னா என்னத் திட்டுங்க."

கெங்கம்மாள் வாயில் கை வைத்தாள். "ஏந்தாயி, எண்ணெய் வுடறதுக்கு ஒனக்கு ஊர்ல வேற எடமே கெடைக்கலியா?" என்றாள். மொத்த பஸ் ஸ்டாப்பும் சிரித்தது. கமலமும் அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்குச் சட்டையைப் பிடித்த ஆள் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டான். கெங்கம்மாள் விடவில்லை. "டேய், பேப்பர எறக்குடா! வாய ஊதுன்னு கத்தினது நீதானே? எழுந்து வந்து இந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்த சொல்லு!" அவன் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "மனசுல வெச்சிக்காத அண்ணே" என்றான். கெங்கம்மாள் நல்ல காயாகப் பார்த்துச் சீவி இன்னாசிமுத்து கையில் கொடுத்தாள். இளநீரைக் குடிக்கிற சாக்கில் அவன் முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டான்.

திரும்பும்போது கமலம் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, "நீ முன்னாடி போ மேரி" என்றாள். பாக்கியமேரி அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். வேன் வயல்களுக்கு நடுவில் போனது. ஆக்ஸிலேட்டரை விட்டால் வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்னாசிமுத்து ஒரு வளைவைத் தாண்டித் திரும்பிப் பார்த்தான். அவள் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிவிட்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் லாரி ஓட்டினாலும் சரி, வேன் ஓட்டினாலும் சரி, சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து மிதித்தாலும் சரி, அவள் ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு ரோட்டையேதான் பார்த்துக்கொண்டு வருவாள். இன்றைக்கு இரண்டு கையும் மடியில் கிடந்தன.

கமலம் பின்னாலிருந்து என்னவோ சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தாள். இன்னாசிமுத்து கியரை மெல்ல மாற்றினான்.

"அம்மா, கொஞ்சம் மெல்லமா பேசுங்க" என்றான். "மேரி தூங்கறா."